ஜும்ஆ நேரத்து அப்டேட்

டோஹா
14.02.2025

அன்புள்ள நஜ்லா ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த ஸலாமுக்காவது பதில் சொல்லுங்கள், அது கடமை. வட்ஸ்அப்பில் என்னை புளொக் பண்ணி இன்றைக்கு இருபத்திரண்டு நாள். உம்மாவுக்குப் போன் எடுத்தால் பின்னால் நீங்கள் சட்டி பானையைப் போட்டு மோதுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. கூடப்பிறந்த ராத்தாவுக்குக் கடிதம் எழுதி, லீவில் போகிற ஆளிடம் கொடுத்துவிடுகிற நிலை எனக்கு வருமென்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எங்கள் கேம்பில் பஸ் ஓட்டுகிற ஸைனுலாப்தீன் காக்கா நாளைக்கு சாய்ந்தமருதுக்கு வருகிறார். இந்தக் கடிதமும், உம்மாவின் முழங்காலுக்குத் தைலமும், ஒரு பெட்டி பேரீச்சம்பழமும் அவரிடம் இருக்கின்றன. பேரீச்சம்பழம் நோன்புக்கு. உங்களுக்கும்தான்.

ஜனவரி 22ஆம் திகதி நடந்ததை நான் மறுக்கவில்லை. இங்கேயிருந்தபடி உங்கள் கொம்பியூட்டருக்குள் வந்து, அப்டேட் வந்த உடனே தானாக ஏறும்படி வைத்தவன் நான். அது காரைதீவுச் சுஜித்தாவுக்குப் பிள்ளை பிறந்து இரத்தம் நிற்காமல் போன காலையைப் பார்த்தா இறங்க வேண்டும்? நூற்றுக்கு இருபத்தேழு வீதத்தில் போய் நின்றதாம். கொம்பியூட்டர் மறுபடி எழும்பின பிறகு, இரத்தம் கொடுக்கிற பெண்களுக்காக நான் செய்து தந்த பட்டியல் ப்ரோக்ராம் திறக்கவில்லையாம். ஓ நெகட்டிவ் பெண்கள் யாரென்று பார்க்க உங்களுக்கு வழியில்லை. தாயும் பிள்ளையும் சுகம் என்று உம்மா சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஆனால் ராத்தா, அதற்காக அப்டேட்டையே நிறுத்தப் போகிறீர்கள் என்று உம்மா சொல்கிறா. அந்த வேலையை மட்டும் செய்ய வேண்டாம். அது வெறும் பத்து நிமிஷ வேலை. அன்றைக்கு ஏதோ கோளாறில் இழுத்துவிட்டது. ஒவ்வொரு மாதமும் அதற்குள் ஓட்டைகள் கண்டுபிடிக்கிறார்கள், அடைத்து அனுப்புகிறார்கள். அடைக்காவிட்டால் அதன் வழியாகக் கள்ளன் வருவான். டோஹாவில் இந்த ஹோட்டலில் முந்நூறு கொம்பியூட்டரை நான்தான் பார்க்கிறேன், சும்மா சொல்லவில்லை.

திட்டவாவது ஒரு போன் எடுங்கள்.

தம்பி முஸ்தாக்


சாய்ந்தமருது
03.03.2025, நோன்பு இரண்டு

முஸ்தாக்,

வஅலைக்கும் ஸலாம். கடமை முடிந்தது.

பேரீச்சம்பழம் நல்லது. அதைத் தந்து என்னைச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினையாதே.

பத்து நிமிஷ வேலை என்று எழுதியிருக்கிறாய். எத்தனை நிமிஷம் என்று நான் சொல்கிறேன், கேள். ஒன்பது பத்துக்கு ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து நேர்ஸ் எடுத்தா. இரத்த வங்கியில் இருந்த ஓ நெகட்டிவ் முடிந்துவிட்டது, உடனே ஆள் வேண்டும் என்றா. ஒன்பது பன்னிரண்டுக்கு நான் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறேன். பதினொன்று ஐந்து வரைக்கும் அங்கேதான் இருந்தேன். ஆண்களின் பட்டியலில் மூன்று ஓ நெகட்டிவ்: ஒருவர் கொழும்பில், ஒருவர் போன மாதம்தான் கொடுத்தவர், மூன்றாமவரின் போன் வேலை செய்யவில்லை. என் பட்டியலில் நான்கு பெண்கள். இரண்டு பேரின் முகம் ஞாபகம் இருக்கிறது, நம்பர் ஞாபகமில்லை. பெயரெல்லாம் எழுதின பழைய கொப்பி இருந்திருந்தால் புரட்டியிருப்பேன். அந்தக் கொப்பியை எரிக்கச் சொன்னது யார்? "கடதாசியில கிடந்தா ஆரும் பாப்பான் ராத்தா, கொம்பியூட்டர்ல போட்டா பூட்டுத்தானே" என்று சொன்னவன் நீ.

கடைசியில் சுஜித்தாவின் புருஷன் பவிதரன் பள்ளிவாசலுக்கு ஓடினார். ஒலிபெருக்கியில் பெயரோடு சொன்னார்கள். பிரசவ வாட்டில் கிடக்கிற ஒரு பெண்ணின் பெயரையும் அவளுக்கு என்ன நடக்கிறது என்பதையும் முழு ஊரும் கேட்டது. ஆண்களின் நம்பர் நோட்டீஸ் போர்டில் கிடந்தால் யாருக்கும் நட்டமில்லை. பெண்களின் பட்டியலை நான் தனியாக வைத்து, நானே போன் எடுத்து, நானே ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போய்க் கொடுப்பித்து, வீட்டில் கொண்டுவந்து விடுவது இப்படி ஊர் வாயில் விழக்கூடாது என்பதற்காகத்தான்.

கமீலா மாமி மீன் கழுவிக்கொண்டிருந்த கையோடு ஓடி வந்தா. "பேரச் செல்லாம ஓ நெகட்டிவ் எண்டு மட்டும் செல்லியிருந்தாலும் நான் வந்திருப்பன் புள்ள" என்று சொல்லிவிட்டு, இரத்தம் கொடுக்கப் போய்க் கட்டிலில் படுத்தா. அன்றைக்கு அந்த மாமி வீட்டில் இல்லாமல் சந்தைக்குப் போயிருந்தால், பவிதரனின் முகத்தை நான் எப்படிப் பார்த்திருப்பேன்?

இது நோன்பு மாதம். பகலில் யாரும் இரத்தம் கொடுக்க முடியாது. நோன்பு திறந்து தறாவீஹ் தொழுகைக்குப் போகிற இடைவெளியில் ஆளைப் பிடிக்க வேண்டும். இந்த மாதத்தில் கொம்பியூட்டர் ஒரு நிமிஷமும் நிற்கக் கூடாது. முப்பத்தைந்து நாளைக்கு அப்டேட்டை நிறுத்திவைக்க ஒரு பொத்தான் இருக்கிறது, அமர்த்திவிட்டேன். பெருநாளைக்குப் பிறகு கொம்பியூட்டர் கடை அஸ்கி வந்து ஒரேயடியாக நிறுத்தித் தருவான். ப்ரோக்ராமையும் அவன்தான் திருத்தித் தந்தான். உன்னுடைய பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். உன் கை இனி இதில் படக்கூடாது.

இந்த மஸ்கட் இனிப்பு உம்மா அனுப்புவது. நான் அனுப்பவில்லை. மூன்று பெருநாள் போய்விட்டது, மகன் வரவில்லை என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டு இருக்கிறா.

நஜ்லா


டோஹா
09.04.2025

அன்புள்ள ராத்தா,

பெருநாள் வாழ்த்து. இதைத் தபாலில் போடுகிறேன். முத்திரை வாங்க மூன்று இடம் அலைந்தேன். கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

கொப்பியை எரிக்கச் சொன்னது என் பிழைதான். நோன்புக்கு நிறுத்தியதும் நியாயம். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அமர்த்தியிருப்பேன். ஆனால் நோன்பு முடிந்துவிட்டது.

ஜவுபர் மாமாவின் பின்மதிலில் ஆள் நுழையக்கூடிய ஓட்டை இருந்தது, ஞாபகமா? வருஷக்கணக்காக யாரும் கண்டதில்லை. மேசன் வந்து சீமெந்து குழைத்த அன்றைக்குத்தான் ஒழுங்கைச் சனமெல்லாம் எட்டிப் பார்த்தது. மாமா அன்றே அடைத்துவிட்டார், சரி. பெருநாள் முடியட்டும் என்று மேசனைத் திருப்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகும்? அப்டேட்டும் அப்படித்தான். இன்ன இடத்தில் ஓட்டை, அடைத்துவிட்டோம் என்று உலகத்துக்கே சொல்லித்தான் அனுப்புகிறார்கள். கள்ளனும் அதை வாசிப்பான். வாசித்துவிட்டு, இன்னும் அடைக்காத வீடு எது என்று தேடுவான். அவன் ஆள் வந்து தேடுவதில்லை, அதற்கும் ப்ரோக்ராம் வைத்திருக்கிறான். சாய்ந்தமருதா சிங்கப்பூரா என்று அது பார்ப்பதில்லை.

எங்களிடம் கள்ளனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள் இருக்கிறார்கள். பெயர், நம்பர், வீடு, வயது, எந்த மாதம் இரத்தம் கொடுக்க ஏலாது, ஏன் ஏலாது என்பது வரைக்கும் எல்லாம் அதற்குள் இருக்கிறது. நீங்கள் ஒலிபெருக்கிக்குக் கோபப்படுகிறீர்கள். நான் இதற்குப் பயப்படுகிறேன்.

அஸ்கி நல்ல பொடியன்தான். ஆனால் என் ப்ரோக்ராமில் அவன் கை வைத்தது எனக்கு வலிக்கத்தான் செய்தது. அது அவ்வளவு மோசமாகவா இருந்தது?

முஸ்தாக்


சாய்ந்தமருது
12.05.2025

முஸ்தாக்,

உன் கடிதம் கிடைத்தது. வேலை அதிகம், சுருக்கமாக எழுதுகிறேன்.

நோன்பு மாதத்தில் மட்டும் ஒன்பது பேருக்கு இரத்தம் ஒழுங்கு செய்தோம். அதற்குப் பிறகு ஏழு பேர். கொம்பியூட்டர் ஒரு நாளும் நிற்கவில்லை. வந்து நின்று "இப்போதா, பிறகா" என்று கேட்கிற அந்தப் பெட்டியும் இல்லை. அஸ்கி முற்றாக நிறுத்திவிட்டான். நிம்மதியாக இருக்கிறேன்.

தூரத்தில் இருந்துகொண்டு கள்ளன் வாறான், கள்ளன் வாறான் என்று பயம் காட்டுவது சுகம். இங்கே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் ஓடுவது நான். எனக்குக் கள்ளனைவிட அந்த இருபத்தேழு வீதம்தான் பயம். கண்ணை மூடினால் அது தெரிகிறது.

இறக்காமத்திலிருந்து ஜவுபர் மாமா ஒரு மூடை சம்பா அரிசி அனுப்பினார். உம்மா சுகம். முழங்கால் அப்படியே.

நஜ்லா

பின்குறிப்பு: கொம்பியூட்டர் பெட்டிக்குள் காற்றாடி ஒரு கிழமையாகப் பெரிய சத்தம் போடுகிறது. நான் தொடாமல் இருக்கும்போதும் இரைகிறது. அஸ்கி தூசு என்கிறான். உனக்கு வேறு ஏதும் தெரிந்தால் எழுது.


டோஹா
01.06.2025

ராத்தா,

கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. காற்றாடிச் சத்தம் தூசாக இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். தொடாமல் இருக்கும்போது இரைகிறதென்றால் உள்ளே வேறு யாரோ வேலை செய்கிறார்கள். உம்மாவுக்கு இப்போதே போன் எடுத்துச் சொல்லிவிட்டேன்: இன்டர்நெட் வயரைக் கழற்றுங்கள். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். எழுத்திலும் இருக்கட்டும் என்றுதான் இது.

முஸ்தாக்


சாய்ந்தமருது
20.06.2025

தம்பி,

புளொக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் போன் எடுக்காதே. உன் குரலைக் கேட்டால் எனக்குக் கதை வராது. எழுதிவிடுகிறேன்.

உம்மா வந்து சொன்னா: "உன்ட தம்பி வயரக் கழட்டட்டாம் புள்ள. எனக்கு விளங்கல்ல, ஆனா அழுவுறான் போல இரிக்கி." நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது, இந்த நேரத்தில் வயரைக் கழற்றி வைத்துவிட்டு நான் என்ன செய்கிறது, பெருநாள் முடியட்டும் என்றேன். மேசனைத் திருப்பி அனுப்பின கதையை நீ எழுதின பிறகும் அதே வார்த்தையைச் சொன்னேன்.

பெருநாளுக்கு முதல்நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு கொம்பியூட்டரைப் போட்டேன். பட்டியல் இல்லை. இங்கிலீசில் ஒரு பக்கம் மட்டும் நிற்கிறது. காசு தந்தால் திறப்போம் என்றிருந்தது. அஸ்கி வந்து எதை எதையோ அமர்த்திப் பார்த்தான், திறக்கவில்லை. போலீசில் போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். அத்தோடு போய்விட்டால் பரவாயில்லை என்று நினைத்தேன். பட்டியல் போனால் மறுபடி எழுதலாம்.

பெருநாள் முடிந்து நாலாம் நாள் ஆறு பேர் போன் எடுத்தார்கள், ஒருவர் மாறி ஒருவர். தெரியாத நம்பர்களிலிருந்து கோல் வருகிறதாம். பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். லோன் வேண்டுமா என்று ஒருவன். இன்னொருவன் அனுப்பின மெசேஜை வாயால் சொல்ல வெட்கப்பட்டு, ஸ்கிரீனைக் காட்ட வீட்டுக்கு வந்தாள் ஒரு பிள்ளை. முஸ்பிறாவுக்குக் கலியாணமாகி மூன்று மாதம். அவளுக்கு ஒரு நாளில் பதினொரு கோல். மாப்பிள்ளை றிஷாட் போனை வாங்கி வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "ராத்தா, என்ட பெண்சாதிட நம்பர் ஒங்களுக்கிட்ட மட்டும்தானே இரிந்திச்சி?" என்று கேட்டான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லாக இருந்திருக்கும். நான் ஓம் என்று சொன்னேன்.

பெயரை எடுத்துவிடச் சொல்லி நூற்றுக்கு மேல் பேர் சொல்லிவிட்டார்கள். எதிலிருந்து எடுக்கிறது, பட்டியலே இல்லையே என்று சொல்லவும் முடியவில்லை. எட்டு வருஷமாக ஒவ்வொரு வீடாகப் போய், புருஷன்மாருக்கு விளங்கப்படுத்தி, மாமிமாருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்துச் சேர்த்த பெயர்கள் முஸ்தாக். நாளைக்கு வாட்டிலிருந்து போன் வந்தால் நான் யாரைக் கூப்பிடுவேன்? யார் இனி என்னை நம்பி வருவாள்?

நீ சொன்னது சரி. இந்த மூன்று சொல்லை எழுத எனக்கு மூன்று நாள் போனது.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. நான் கண்ட கண்ட லிங்க் எதையும் தொடவில்லை. அந்தக் கொம்பியூட்டரில் படம்கூடப் பார்ப்பதில்லை. எந்த வழியால் வந்தான்?

ராத்தா


டோஹா
09.07.2025

என் ராத்தா,

நீங்கள் சொன்னபடி போன் எடுக்கவில்லை. ஐந்து தரம் எடுக்கப்போய் வைத்துவிட்டேன்.

எந்த வழியால் வந்தான் என்று கேட்டீர்கள். என் வழியால் வந்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால், இங்கேயிருந்து உங்கள் கொம்பியூட்டருக்குள் வருவதற்காக ஒரு ப்ரோக்ராம் போட்டு, ரௌட்டரிலும் அதற்கு ஒரு வழி திறந்து வைத்தேன். எப்போதும் திறந்தே கிடக்கும் வழி அது. நீங்கள் பாஸ்வேர்டை மாற்றியது எனக்குத்தான் தடை. வழி அப்படியே கிடந்தது. மார்ச் மாதம் அந்த ப்ரோக்ராமில் பெரிய ஓட்டை ஒன்று கண்டு, பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே வரலாம் என்று அறிவித்து, அடைத்தும் அனுப்பினார்கள். அஸ்கியிடம் போனில் கேட்டுப் பார்த்தேன். அதுவேதான். நீங்கள் அப்டேட்டை ஏற்றியிருந்தால் தப்பியிருப்போம், அது உண்மை. நான் அந்த வழியைத் திறக்காமல் இருந்திருந்தால் கள்ளன் வந்து தட்ட ஒரு கதவே இருந்திருக்காது, அதுவும் உண்மை. நான் ஏப்ரலில் உங்களுக்கு மதில் கதை எழுதினேனே, அந்த நேரம் இதை ஒரு வரியில் எழுதியிருக்கலாம். எழுதினால் எனக்கு வருகிற வழி போய்விடும் என்று நினைத்தேன். கோபம் தணிந்து பாஸ்வேர்டைத் தருவீர்கள், மறுபடி வரலாம் என்று வைத்திருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஜனவரியில் என் ப்ரோக்ராம் திறக்காமல் போனதற்கு அப்டேட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. நான் பழைய சாமான்களை வைத்துக் கட்டின ப்ரோக்ராம் அது. அவை இனி ஓடாது, மாற்று என்று இரண்டு வருஷமாக அறிவித்தல் வந்துகொண்டிருந்தது. பிறகு பார்க்கலாம் என்று நானும் தள்ளிவைத்தேன். உங்களுக்கு வகுப்பெடுத்தவன் தன் வேலையைச் செய்யவில்லை. பட்டியலுக்கு வேறு பிரதி எடுத்து வைக்கவும் இல்லை. முந்நூறு கொம்பியூட்டரைப் பார்க்கிறவனுக்கு ராத்தாவின் ஒரு கொம்பியூட்டரைப் பார்க்க நேரம் இல்லாமல் போய்விட்டது. வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் ஜனவரியில் பட்டதை நான் ஒருநாளும் சரியாகக் கேட்கவில்லை. வந்த உடனே ஏற்றுவதிலும் ஆபத்து இருக்கிறது. சில அப்டேட்டே பழுதாக வரும், இரண்டு மூன்று நாளில் திருத்தி அனுப்புவார்கள். என் ஹோட்டலில் எல்லாக் கொம்பியூட்டருக்கும் ஒரே நேரத்தில் ஏற்ற மாட்டோம். முதலில் இரண்டுக்கு ஏற்றி, இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்கு. உங்கள் ஒற்றைக் கொம்பியூட்டருக்கு நான் அந்த மரியாதையைக் கொடுக்கவில்லை.

உம்மாவின் கட்டிலுக்கடியில் என் பழைய லெப்டொப் கிடக்கிறது. அஸ்கியிடம் கொடுத்து அதிலும் இதே ப்ரோக்ராமைப் போடச் சொல்லுங்கள். புதிதாக எழுதி முடித்துவிட்டேன், அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். அப்டேட் வந்தால் முதலில் லெப்டொப்பில் ஏற்றுங்கள். இரண்டு நாள் ஓடிப் பார்த்துவிட்டுப் பெரியதில். ஒரு கிழமைக்கு மேல் தள்ள வேண்டாம். மிக அவசரம் என்று வருவதை மட்டும் அன்றே ஏற்றுங்கள், எது அவசரம் என்று அஸ்கி பார்த்துச் சொல்வான். பட்டியலைக் கடதாசியில் எடுத்து உங்கள் அலுமாரியில் பூட்டி வையுங்கள். ஓம், கடதாசிதான். எரிக்கச் சொன்னவனே சொல்கிறேன். ரௌட்டரில் நான் திறந்த வழியையும் என் ப்ரோக்ராமையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

அப்டேட் ஏறும் நேரத்தை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஊரில் எந்த நேரத்தில் உங்களைத் தேட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நாலு வருஷமாக அதைக் கேட்கவும் தோன்றவில்லை.

இதோடு இன்னொரு கடதாசி வைத்திருக்கிறேன். அந்தப் பெண்களுக்கு. நடந்தது என் பிழை, நஜ்லா ராத்தா உங்கள் நம்பரை யாருக்கும் கொடுக்கவில்லை என்று என் பெயர் போட்டு எழுதியிருக்கிறேன். எங்கே வேண்டுமானாலும் வாசியுங்கள். றிஷாட்டுக்கு முதலில்.

முஸ்தாக்


சாய்ந்தமருது
08.08.2025, வெள்ளி, பகல் 12.20

தம்பி முஸ்தாக்,

இப்போது அப்டேட் ஏறிக்கொண்டிருக்கிறது. சும்மா இருந்தால் அந்த வீதத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

உன் கடதாசியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நம்பர் போனாலும் வீடுகள் எனக்கு மனப்பாடம். அஸர் தொழுதுவிட்டு வெளிக்கிட்டால் மஃரிப் தொழுகைக்கு வீடு வருவேன், ஒரு நாளைக்கு ஆறு ஏழு வீடு. உன் கடதாசியில் ஒரு பொய் இருந்தது. உன் பிழை என்று மட்டும் எழுதியிருந்தாய். அதை வாசித்துவிட்டு என் பிழையை நானே சொன்னேன்: பூட்டு வந்தது, நான் போடவில்லை. சில வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். சில வீட்டில் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்கள். ஒருத்தி, "எங்கட நம்பர மாத்தியாச்சி, புதுசத் தரமாட்டன்" என்றாள். சரி என்று எழும்பி வந்தேன். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

றிஷாட் உன் கடதாசியை இரண்டு தரம் வாசித்தான். பிறகு உள்ளே போய் முஸ்பிறாவின் போனைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். எனக்கு முன்னால்தான் கொடுத்தான். "நான் ஒன்ன ஒண்டும் கேட்டிருக்கக் கூடா" என்று அவளிடம் சொன்னான். அவள் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள், நானும் அழுதேன். முஸ்பிறா இன்னும் பெயர் தரவில்லை. பார்க்கலாம்.

போன கிழமை சுஜித்தா வந்தாள், காரைதீவிலிருந்து பஸ்ஸில், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு. பிள்ளை நல்ல கொழுகொழு, தவழப் பார்க்கிறது, உம்மாவின் தஸ்பீஹ் மணியை வாய்க்குள் போட்டுவிட்டது. "அக்கா, புதுக் கொப்பி போடுறீங்களாம். என்ட பேர முதலாவதா எழுதுங்க. நானும் ஓ நெகட்டிவ்தானே" என்றாள். பிள்ளை பால் குடிக்கிறது, இன்னும் கொஞ்ச நாளைக்கு நீ கொடுக்க ஏலாது என்றேன். "கொடுக்க ஏலுற அண்டைக்கு நீங்க என்னத் தேடித் திரியக்கூடா" என்றாள். என் பட்டியல் திறக்காமல் செத்துப்போகப் பார்த்தவள் அவள். முதல் பெயராக எழுதினேன். எழுதும்போது எழுத்து கோணலாகப் போய்விட்டது.

இப்போது அறுபத்தொரு பெயர். இருநூற்றுப் பன்னிரண்டு இல்லை. அறுபத்தொன்று.

நேரத்தைச் சொன்னது கமீலா மாமி. கிழமையில் எந்த நேரம் ஊர் ஆறுதலாக இருக்கும் என்று கேட்டேன். "வெள்ளிக்கிழம ஜும்ஆ நேரம் ஒரு காகமும் பறக்காது புள்ள. ஆம்புளையள் பள்ளியில, கடையெல்லாம் பூட்டு. நாங்க ஊட்டுலதான் இரிப்பம். அந்த நேரம் ஒனக்கு ஆள் வேணுமெண்டா, நான் ஓட்டோக்காரன் தொழுது முடியிற வரைக்கும் பாத்திருக்க மாட்டன், நடந்தே வருவன்" என்றா. புதன்கிழமை லெப்டொப்பில் ஏற்றினோம். இரண்டு நாளாக ஒழுங்காக ஓடுகிறது. இன்றைக்குப் பெரியது. கடதாசிப் பட்டியல் என் மடியில் இருக்கிறது, அலுமாரிச் சாவி இடுப்பில்.

12.35. பள்ளியிலிருந்து குத்பாப் பிரசங்கம் கேட்கிறது. பத்தொன்பது வீதம்.

12.41. இருபத்தேழு. நிற்கிறது. கடதாசிப் பட்டியலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் முஸ்தாக், சிரிக்காதே.

1.10. இதற்கிடையில் நடந்ததை எழுதுகிறேன். இருபத்தேழில் நின்றுகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. வாட்டிலிருந்து. இந்த நேரம் பார்த்தா என்று நினைத்தேன். பி பொசிட்டிவ், இரண்டு மணிக்குள் ஒரு ஆள். ஆண்கள் எல்லோரும் பள்ளியில், போன் எடுக்க மாட்டார்கள். கடதாசியைப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் இரண்டு பெயர். முதலாவது ஆளே எடுத்தாள். அபாயாவைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டாள். தொழுகை முடிந்த உடனே நான் ஓட்டோவில் போய் அவளோடு இருப்பேன். ஒலிபெருக்கியில் ஒருவருடைய பெயரும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தபோது வீதம் எல்லாம் போய், பட்டியல் திறந்து நிற்கிறது. சுஜித்தாவின் பெயர் மேலே. நான் எந்த நேரத்தில் அது முடிந்தது என்றே பார்க்கவில்லை.

ஓட்டோ வந்துவிடும். கடைசியாக ஒன்று. அஸ்கி உன் வழியை அடைத்துவிட்டான். டோஹாவிலிருந்தபடி நீ இனி இந்தக் கொம்பியூட்டருக்குள் வர முடியாது. கேட்டாலும் திறக்க மாட்டேன். அந்த வழி இருந்ததால்தான் இத்தனை பெருநாளும் அங்கேயிருந்தே எங்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நீ இருந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். நவம்பரில் உனக்கு லீவு இருக்கிறது என்று ஸைனுலாப்தீன் காக்கா சொன்னார். உம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நீ டிக்கட் போட்டால் சொல்வேன்.

வீட்டு வாசலால் வா.

ராத்தா